முன்னங்காலில் ஏற்றிய கனம்

பந்தயக் குதிரைக்கு லாடம் அடிக்கையில் எங்கள் கவலையெல்லாம் எடையைக் குறைப்பதில்தான். மெல்லிய அலுமினியத் தகடு, சின்ன ஆணி, அளவாகச் சீவிய குளம்பு. குதிரை லாயங்களில் கால்நடை மருத்துவனாக இருந்த எனக்கு, அமெரிக்காவின் டென்னசியில் நொண்டாத, நல்ல இளங்குதிரையின் காலில் வலிய கனம் ஏற்றுவது பெரும் விசித்திரமாகப் பட்டது.

அங்குள்ள வாக்கிங் ஹார்ஸ், தோட்ட முதலாளிகள் நாள் முழுக்கச் சவாரி செய்து வயல் பார்ப்பதற்காக உருவான இனம். நடக்கும்போது பின்னங்கால், முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழும், தலை ஆடும், சேணத்தில் இருப்பவருக்குக் குலுக்கலே தெரியாது. 1886இல் பிறந்த ஆலன் என்ற கறுப்புக் குதிரை, ஓட்டப் பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று பல கை மாறியது. 1935இல் இனப் பதிவுச் சங்கம் தொடங்கியபோது மூலத் தகப்பனாக முதல் எண் அதற்கே கிடைத்தது!

1939இல் ஷெல்பிவில் ஊரில் ஆண்டுக் கண்காட்சி தொடங்கியது. முதல் பட்டம் ஸ்ட்ரோலிங் ஜிம்முக்கு. பிறகு நடையைவிட, முன்னங்கால் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதற்கே கைதட்டல் கூடியது. 1950களில் 'பிக் லிக்' என்ற மிகை நடை மேடையைப் பிடித்துக்கொண்டது. குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவில் அட்டைகளை அடுக்கி, இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். சேறு அப்பிய செருப்போடு நடப்பவர்போலக் குதிரை காலை வெட்டித் தூக்கும். அதுவும் போதாமல் சிலர் குளம்புக்கு மேலே கடுகெண்ணெய், மண்ணெண்ணெய் தடவிப் புண்ணாக்கி, அதன்மேல் சங்கிலி மாட்டினார்கள். இன்னும் கொடுமை, உள்ளங்குளம்பை உயிர்ச்சதை வரை சீவி லாடம் அடிப்பது. மண்ணில் பட்டாலே வலி. கால் தானாக உயரும். இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தக் கொடுமையைத் தடுக்க 1970இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் அது திருத்தப்பட்டது. சங்கிலியின் எடைக்குப் பின்னாளில் விதித்த வரம்பு 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம். இரண்டு வயதுக்குட்பட்ட குட்டியின் குதிகாலை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது, லாடம் 16 அவுன்ஸைத் தாண்டக் கூடாது என்பன விதிகள். வளரும் எலும்பை நினைத்தால் அந்த அங்குலமே எனக்கு அதிகமாகத் தெரிகிறது. 2006இல் ஆய்வாளர்கள் பல குதிரைகளைத் தகுதி நீக்கியதால், ஷெல்பிவில்லில் அந்த ஆண்டு மகா சாம்பியனே இல்லை.

வாக்கிங் ஹார்ஸ் குட்டி ஒன்று என்னிடம் வந்தால், வெறுங்காலோடு நடக்கவிட்டு, பின்தடம் எவ்வளவு தாண்டுகிறது என்று அளப்பேன். குளம்பின் முன்சரிவும் அதற்கு மேலுள்ள எலும்பின் சாய்வும் ஒரே கோட்டில் வருமாறு சீவி, சாதாரண லாடம் அடித்து, ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தால் போதும். தட்டை லாடக் குதிரைகளுக்கும் ஷெல்பிவில்லில் தனிப் பிரிவுகள் உண்டு. மகா சாம்பியன் பட்டம் மட்டும் அட்டை கட்டியவற்றுக்கே போய்க்கொண்டிருக்கிறது.