ஹைதரின் படகுகளும் பதினாறு வயதுப் பையனும்

சென்ற வாரம் ஹைதர் அலியின் கடற்படையோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் படகுகள்மேல் குண்டு பொழிந்த ஓர் ஆங்கிலேயக் கப்பலில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனைத் தேடி இந்த வாரம் லண்டன் பக்கம் போகப்போகிறோம்.

தேம்ஸ் நதிக்கரையில் கிரீனிச். 1937-இல் திறந்த தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. பொதுப் பகுதிகளுக்குக் கட்டணம் கிடையாது. வாசலுக்கு வெளியே ஆளைவிட உயரமான ஒரு பாட்டில் படுத்திருக்கிறது. அதற்குள் ஒரு கப்பல். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’யை முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, 37 பாய்களையும் ஆப்பிரிக்கர் உடுத்தும் பாட்டிக் துணிபோலப் பளபளக்க வைத்திருக்கிறார் யின்கா ஷோனிபாரே. லண்டனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்த கலைஞர். 2010-இல் டிராஃபல்கர் சதுக்கத்தில் நின்ற பாட்டில் இது. மக்களிடம் பணம் திரட்டி இங்கே கொண்டுவந்தார்கள்.

“மாமா, மூடியத் தொறந்து கப்பல உள்ள விட்டாங்களா, இல்ல கப்பலக் கட்டிட்டு பாட்டில மாட்டினாங்களா?” என்றான் தங்கை மகன். ஒன்பது வயது. எனக்குப் பதில் தெரியவில்லை. காவலரைக் கேட்கலாம் என்றேன். அதற்குள் அவன் உள்ளே ஓடிவிட்டான்.

பிள்ளைகளுக்கென்றே உள்ளே தனிப் பகுதிகள் உண்டு. சின்னஞ்சிறுசுகளுக்கு ‘அஹோய்’, கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு ‘ஆல் ஹேண்ட்ஸ்’. சரக்கு ஏற்றலாம், மோர்ஸ் தந்தி அடிக்கலாம், பீரங்கி சுடலாம். நம் ஆள் பீரங்கியைப் பிடித்துக்கொண்டான். பின்னால் வரிசை நிற்பதைக் காட்டி இழுத்தேன், வரவில்லை. ஒரு குண்டு போட்டதும் மறுபடி வரிசையின் கடைசிக்கு ஓடினான். மூன்று முறை.

நான் சுவரோரம் நின்று வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விக்டரியில் 104 பீரங்கிகள். கீழ்த்தளத்தில் இருந்தவை 32 பவுண்டு குண்டு போடுபவை. ஒவ்வொன்றும் மூன்று டன் எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு பீரங்கியைத் தள்ள, துடைக்க, திணிக்க, திரும்ப இழுக்க ஒரு டஜன் ஆள் வேண்டும். வெடிமருந்தை மட்டும் அதன் பக்கத்தில் குவித்துவைக்க முடியாது. ஒரு பொறி போதும், கப்பலே போய்விடும். அதனால் கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் மருந்தறையிலிருந்து ஒவ்வொரு பொதியாக மேலே கொண்டுவர வேண்டும். தலை இடிக்கும் தளம், கண் எரியும் புகை, ரத்தத்தில் கால் வழுக்காமலிருக்கக் கொட்டிய மணல். அதற்குள் குனிந்து ஓடும் வேலை பெரும்பாலும் சிறுவர்களுக்கு. ‘வெடிமருந்துக் குரங்குகள்’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். 1805 டிராஃபல்கர் போரன்று விக்டரியில் இருந்த சுமார் 820 பேரில் பன்னிரண்டு வயதுப் பையனும் உண்டு.

நெல்சனும் கப்பலேறியது பன்னிரண்டு வயதில்தான். 1758-இல் நார்ஃபோக் சிற்றூர் ஒன்றில் பாதிரியார் மகனாகப் பிறந்தவன். அம்மா இறந்துபோக, தாய்மாமன் மாரிஸ் சக்லிங் 1771-இல் தன் கப்பலில் சேர்த்துக்கொண்டார். 1773-இல் ‘சீஹார்ஸ்’ என்ற கப்பலில் கிழக்கே அனுப்பினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1774 மே 25 அன்று அந்தக் கப்பல் வந்து நின்ற இடம் மதராஸ்.

அன்றைக்கு மதராஸில் துறைமுகம் ஏது? கப்பல்கள் கோட்டைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் நம் ஆட்கள் அலையை எண்ணி எண்ணித் துடுப்புப் போட்டு வந்தால்தான் சரக்கும் ஆளும் கரை சேரும். அக்னி நட்சத்திர வெயிலில் கப்பல் தட்டில் நின்ற பதினைந்து வயதுப் பையனைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்தை ஏற்றிக்கொண்டு சீஹார்ஸ் பம்பாய்க்குக் கிளம்பியது. 1775 பிப்ரவரி 19 அன்று ஹைதரின் படகுகள் இரண்டு வழிமறித்தன. சிறிது நேரம் குண்டுகள் பறந்தன, படகுகள் பின்வாங்கின. அவ்வளவுதான் சண்டை. ஆனால் நெல்சன் கண்ட முதல் போர் அதுதான். ஓராண்டு கழித்து மலேரியா அவனைப் படுக்கையில் போட்டது. 1776-இல் பம்பாயிலிருந்து எலும்பும் தோலுமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

மீதியை நெல்சனுக்கான கூடத்தில் பார்க்கலாம். 2013-இல் டிராஃபல்கர் நாளான அக்டோபர் 21 அன்று அதைத் திறந்தார்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால், மங்கிய வெளிச்சத்தில், நீலக் கோட்டு ஒன்று. சின்ன உடம்புக்காரர் போட்டது என்று பார்த்ததும் தெரிகிறது. மார்பில் நான்கு விருது நட்சத்திரங்கள், ஜிகினாவில் தைத்தவை. எதிரி சுலபமாகக் குறிபார்க்கட்டும் என்று தங்கப் பதக்கங்களோடு ஜொலித்து நின்றார் என்பது பின்னாளில் கட்டிய கதை. இது அன்றாடம் போடும் கோட்டு. வலது கை டெனெரிஃபில் 1797-இல் போனது. வெறும் சட்டைக்கை காற்றில் ஆடாதபடி மார்புப் பொத்தானில் மாட்டிவைக்க, அதன் விளிம்பில் ஒரு சின்னக் கொக்கிக்கயிறு. இடது தோளில், தொங்கல் அலங்காரத்தை ஒட்டி, ஓட்டை. விரல் நுனி நுழையும் அளவுதான்.

1805 அக்டோபர் 21, மதியம் ஒன்றேகால் மணி வாக்கில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் பாய்மரத்திலிருந்து வந்த குண்டு அது. மூன்று மணி நேரம் கழித்து உயிர் பிரிந்தது. கோட்டிலுள்ள கறை எல்லாம் அவர் ரத்தமில்லை என்கிறார்கள். சற்று முன்னால் அதே தட்டில் பீரங்கிக் குண்டுக்கு இரையான செயலாளர் ஜான் ஸ்காட்டின் ரத்தமாகவும் இருக்கலாம். கோட்டு கடனுக்காகக் கை மாறியது. கடைசியில் 1845-இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அதை வாங்கிக் கிரீனிச்சுக்குக் கொடுத்தார்.

“இவரு நல்லவரா மாமா?” என்றான் பையன், கண்ணாடியில் மூக்கை அழுத்தி. ‘நாயகன்’ படக் கேள்வி என்று அவனுக்குத் தெரியாது. தைரியசாலி, தன் மாலுமிகள் உயிரை விடத் தயாராயிருந்த தலைவர், அதில் சந்தேகமில்லை. ஜமைக்காவின் அடிமைத் தோட்ட முதலாளிகள் பக்கம் நின்றவரும் இவர்தான். 1799-இல் நேப்பிள்ஸில் ஒரு தளபதியை அவசர அவசரமாகத் தூக்கிலிட்டவரும் இவர்தான். ஒன்பது வயதுக்கு எவ்வளவு சொல்வது? “சண்டைல கெட்டிக்காரர்” என்று தப்பித்துக்கொண்டேன்.

நமக்கு வேண்டிய சண்டை 1798 ஆகஸ்டு 1, எகிப்துக் கடற்கரையில் நடந்தது. நெப்போலியன் அங்கே இறங்கியிருந்தான். அவன் கண் இந்தியாமீது, அவன் எதிர்பார்த்த கூட்டாளி திப்பு. நெல்சன் அவனுடைய கப்பற்படையை ஒரே இரவில் அழித்தார். ‘லோரியாங்’ என்ற பிரெஞ்சுத் தலைமைக் கப்பல் வெடித்துச் சிதறியது. அதன் பாய்மரத்தில் சவப்பெட்டி செய்து நெல்சனுக்கே பரிசளித்தார் அவருடைய கேப்டன்களில் ஒருவர். நெல்சனும் ஆசையாக வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டார்! ஏழாண்டு கழித்து அந்தப் பெட்டியில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

போர் முடிந்த கையோடு அவர் செய்த வேலைகளில் ஒன்று, டுவால் என்ற இளம் அதிகாரியைத் தரைவழியாகப் பம்பாய்க்கு அனுப்பியது. பிரெஞ்சுக் கப்பல்கள் இனி வராது என்று கம்பெனிக்குத் தெரியவேண்டுமே. சந்தோஷத்தில் கம்பெனி நெல்சனுக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரின் மகனோ இன்னும் பிரெஞ்சுக்காரர்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

டுவாலின் பைக்குள் இருந்த கடிதம் பாலைவனம் தாண்டி வந்த கதை அடுத்த வாரம்.