தலைகீழாக ஒரு ஆப்பிள் பலகாரம்

ஆப்பிள், வெண்ணெய், சர்க்கரை, மைதா. இவ்வளவுதான் சாமான். இதை வைத்துச் செய்கிற ஒரு கிராமத்துப் பலகாரம் பாரிஸின் மாக்சிம்ஸ் மாதிரி ஆடம்பர உணவகத்தின் மெனுவில் எப்படிப் போய் உட்கார்ந்தது? தேடிப் படித்தால் சமையலை விட வியாபாரம்தான் என் கண்ணில் அதிகம் பட்டது. வணிகவியல் படிக்கிற புத்தி அப்படி :)

பெயர் தார்த் தத்தான். ஆப்பிளைத் தோல் சீவி, நான்காக வெட்டி, கனமான சட்டியில் வெண்ணெய், சர்க்கரையோடு நெருக்கி அடுக்கி அடுப்பில் வைப்பார்கள். சர்க்கரை உருகிப் பழுப்புப் பாகாகும்போது மாவை வட்டமாகத் தேய்த்து மேலே மூடி, ஓவனில் சுடுவார்கள். பாகு இறுகுவதற்குள் தட்டில் கவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்தால் பளபளவென்று ஆப்பிள் மேலே வரும். ஒரு துண்டு நகர்ந்திருந்தால் விரலால் தள்ளி வைத்தால் முடிந்தது. க்ரீமில் பூ வரைகிற டென்ஷன் எல்லாம் கிடையாது. அலட்டிக்கொள்ளாமலே அழகாக இருக்கிறவர்கள் சிலர் உண்டே, அந்த ஜாதி.

பாரிஸுக்குத் தெற்கே சொலோன் என்ற காட்டுப் பகுதி. அங்கே லாமோத்-பெவ்ரோன் என்ற சின்ன ஊர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது, பாரிஸ்காரர்கள் வேட்டைக்கு வந்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே தத்தான் சகோதரிகளின் ஹோட்டல். அக்கா ஸ்தெஃபானி (1838–1917) அடுப்படியில், தங்கை கரோலின் (1847–1911) வாடிக்கையாளர்களோடு.

ஊரறிந்த கதை இது: வேலை மும்முரத்தில் ஸ்தெஃபானி ஆப்பிளை அடுப்பில் வைத்து மறந்துவிட்டார், தீய்கிற வாசனை வந்ததும் மாவைப் போட்டு மூடிச் சமாளித்தார், அதுவே பலகாரமாகிவிட்டது.

எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. தலைகீழாகச் சுட்டுக் கவிழ்க்கும் பழக்கம் பிரான்சில் முன்பே இருந்தது. 1833இல் இறந்த கரேம் என்ற பெரிய சமையல்காரரே கவிழ்த்த கேக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பாகு பொன்னிறத்திலிருந்து கசப்புக்குப் போக அதிக நேரம் ஆகாது. சரியான நொடியில் நிறுத்துவதற்குக் கைப்பக்குவம் வேண்டும். நாள் முழுக்க அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணின் அந்தக் கைப்பக்குவத்தைக் கதை ஒரே வரியில் மறதியாக்கிவிட்டது!

அந்தக் கதைதான் நன்றாக விற்றது. 1920களில் குர்னோன்ஸ்கி என்ற உணவு எழுத்தாளர் இந்தப் பலகாரத்தைப் பற்றி எழுத, பாரிஸ் திரும்பிப் பார்த்தது. பிறகு மாக்சிம்ஸ் உரிமையாளர் லூயி வோதாப்ல் இன்னொரு கதை விட்டார். செய்முறையைத் தெரிந்துகொள்ள, தோட்டக்காரனாக அந்த ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாராம்! கணக்கு இடிக்கிறது. சகோதரிகள் 1906இல் ஓய்வு பெற்றுவிட்டார்கள். வோதாப்ல் குடும்பம் மாக்சிம்ஸை வாங்கியது 1932இல். இருந்தாலும் ரகசியம் திருடிய கதை என்றால் பலகாரத்துக்கு மவுசு கூடத்தானே செய்யும்? கணக்குப் பதிவியலில் குட்வில் என்று படிக்கிறோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அது இங்கே ஒரு ஆப்பிள் சட்டியில் சேர்ந்துகொண்டே போகிறது.

அந்தச் சொத்து சேர்ந்த இடம் மாக்சிம்ஸ். தத்தான் சகோதரிகள் செய்முறையை அச்சில் வெளியிட்டதில்லை. அதற்குத் தங்கள் பெயரைக்கூட வைத்ததில்லை.