இலாக்கோ ஹவுஸும் ஒரு கம்ப்யூட்டரும்

நான் பொட்டி தட்டுறது ஒரு இன்ஷூரன்ஸ் ப்ராஜெக்டுக்கு. அதனால எல்.ஐ.சி.யோட பழைய கதைன்னா கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தி :-)

1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தபோது, 245 கம்பெனிகளையும் பிராவிடண்ட் சொசைட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அத்தனை பாலிசியும் ஒரே தலையில்! யோசிச்சுப் பாருங்க மக்களே: ஒவ்வொண்ணுக்கும் பிரீமியம் நோட்டீஸ், ரசீது, லெட்ஜர் பதிவு, ஏஜெண்ட் கமிஷன், போனஸ் கணக்கு. பெரும்பாலும் குமாஸ்தாக்கள் கையால்தான். 50களின் கடைசியில், அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்குப் பார்க்கும் மெஷின்கள் வந்தன. 1964-ல் கம்ப்யூட்டர்.

அங்கதான் ஆரம்பிச்சது பிரச்சனை. 60களின் நடுவில் கல்கத்தா இலாக்கோ ஹவுஸில் கம்ப்யூட்டர் வைக்க நிர்வாகம் முயன்றபோது, ஊழியர்கள் ராப்பகலா காவல் நின்று தடுத்தார்கள்.

இன்னிக்கு இதைக் கேட்டுச் சிரிக்கிறவங்க உண்டு. எனக்குச் சிரிப்பு வரல. தினம் போடுற கூட்டல் கழித்தல்தான் அவங்களுக்குச் சம்பளம். அதை மெஷின் போட்டுட்டா, அடுத்த குமாஸ்தாவை எதுக்கு வேலைக்கு எடுப்பாங்க? நியாயமான கேள்விதானே?

80களில் பிராஞ்ச் ஆபீஸுக்கே சின்ன கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. 90களில் கவுண்டருக்கும். பாலிசிதாரருக்கு அது நல்லதுதான், மறுக்கல. என்னை மாதிரி ஆளுங்களுக்குச் சோறு போடுறதும் அதே கணக்கு வேலைதான்.

இப்போ ஏ.ஐ. கோட் எழுதுது. எங்க கேண்டீன்லயும் அதே கேள்வி. ஒரே வித்தியாசம், அவங்களுக்குச் சங்கம் இருந்தது, சேர்ந்து நின்னாங்க. நாங்க ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரெஸ்யூமே அப்டேட் பண்ணிட்டிருக்கோம்.

நீங்க என்ன சொல்றீங்க?