சிவப்புக் கல்லின் கதை

போன மாதம் திருவிழாக் கடையில் என் வகுப்புத் தோழன் ஒரு சிவப்புக் கல் மோதிரம் வாங்கினான். "கல்வராயன் மலையில கிடைச்ச கல்லு தம்பி"ன்னு சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்கப் போய்த்தான் இவ்வளவும் படிக்க வேண்டியதாயிற்று.

முதலில் அது வடிகட்டிய பொய். அகேட் வகைக் கற்கள் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு ஆறும்போது அதில் உண்டாகும் குழிகளில், சிலிக்கா கரைந்த நீர் படிந்து படிந்து உருவாகின்றன. நம் கல்வராயன் மலையோ சார்னகைட் பாறை. அதன் வயது 250 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. அகேட்டுக்குப் பேர்போன தக்காணத்து எரிமலைப் பாறைகளுக்கு வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள்தான். அவை மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் கிடக்கின்றன.

ஆனாலும் இந்தக் கல் நம் பக்கத்துக்கு வந்திருக்கிறது, அதுவும் 2000 வருடத்துக்கு முன்பே! விழுப்புரத்தில் பஸ் மாறினால் புதுச்சேரி. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1930களில் அந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கிய மணிகளைப் பார்த்துத்தான் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அந்த மேட்டைக் கவனித்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அகேட், சூதுபவளம், படிகம் எல்லாம் மணியாக்கப்பட்ட பட்டறைகள் அங்கே இருந்தன. (சூதுபவளம் என்பது பவளம் இல்லை. அகேட்டின் சிவப்புத் தம்பி. பெயரைக் கேட்டு நானும் முதலில் ஏமாந்தேன்.) ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள மணிகள் கிடைத்தன. கொடுமணல்காரர்களுக்குப் பச்சைக்கல் பக்கத்து ஊரான படியூரிலேயே உண்டு. சிவப்புக் கல்லை மட்டும் வெகு தூரத்திலிருந்து வரவழைத்திருக்கிறார்கள்.

எங்கிருந்து? குஜராத்தில் பரூச் பக்கம் ரத்தன்பூர் என்று ஓர் ஊர். 1880இல் வெளியான பம்பாய் மாகாண கெசட்டியரில் அந்தச் சுரங்கம் பற்றி விவரமாக இருக்கிறது. சுமார் 30 அடி ஆழத்துக்குக் கிணறு போலத் தோண்டி, அடியில் பக்கவாட்டில் குடைந்து போவார்கள். தோண்டியவர்கள் பில் பழங்குடி மக்கள். மேலே வரும் கல் அழுக்குப் பழுப்பாக இருக்கும். அதை வெயிலில் காயவைத்து, மண்பானையில் போட்டு, எருவை மூட்டிச் சுடுவார்கள். கல்லிலுள்ள இரும்பு சூட்டில் மாறி, நிறம் சிவப்பாகிறது. ஆக அந்தச் சிவப்பே பாதி அடுப்பின் வேலை! 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசாவும் பக்கத்து ஊரான லிமோத்ராவின் கல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே மலைமேல் பாவா கோர் என்ற தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அகேட் வியாபாரத்தை வளர்த்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அங்கிருந்து கல் கம்பாத் நகரத்துக்குப் போகும். தரையில் சாய்வாக நட்ட இரும்புக் கம்பியின் முனையில் கல்லை வைத்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டிச் செதுக்குவார்கள். நுனியில் வைரத் துணுக்கு பதித்த வில் துரப்பணத்தால் துளை போடுவார்கள். லோத்தல் ஹரப்பா காலத்திலேயே மணி செய்த ஊர், அது கம்பாத்துக்கு அருகில்தான். 4000 வருடத்துக்கு மேலான தொழில், இன்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது.

நான் பி.காம் என்பதால் எனக்கு அடுத்த கேள்வி கணக்கு. செதுக்கியபின் கல்லைச் சாணைச் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். அகேட் முழுக்க சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ், அதற்கு முழுக் குணம் கிடையாது. கூடவே காசநோயும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்தபோது, சக்கரத்தில் உட்காராத அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் பாதிப்பு தெரிந்தது. காரணம், வேலை நடப்பதே வீட்டில்தான்.

தொழில் சட்டப் பாடத்தில் நாம் படித்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் ஞாபகம் இருக்கிறதா? சிலிகோசிஸ் அதன் அட்டவணையில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டப்படி மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. வீட்டில் கணவன், மனைவி, தம்பி என்று மூன்று பேர் தேய்த்தால் அது தொழிற்சாலை இல்லை, முதலாளியும் இல்லை. கல் கொடுத்த வியாபாரி பீஸ் ரேட்டில் கூலி தருவார், அவ்வளவுதான். தூசியை உறிஞ்சும் கருவியை அதே நிறுவனம் வடிவமைத்தது. பீஸ் ரேட்டில் வாழும் குடும்பம் அதன் விலையையும் கரண்ட் பில்லையும் எந்தத் தலைப்பில் எழுதும்? காஸ்ட் ஷீட்டில் மூலப்பொருள், கூலி, மேல்செலவு என்று மூன்று கட்டங்கள் போட்டுப் பார்த்தேன். நுரையீரலை எதில் எழுதுவது என்று தெரியவில்லை.

தோழனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப இது குஜராத் கல்லாடா?" என்றான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சின்னதாக ஒரு காற்றுக் குமிழி. கண்ணாடி!