நாணயங்களின் வழக்குப் பெயர்கள் (முத்துக்குளித்துறை)

தூத்துக்குடிக் கரையில் புழங்கிய நாணயங்களுக்கு மக்கள் இட்ட பெயர்கள். காசில் பொறித்த எழுத்து, உருவம், அது வந்த தேசம், மதிப்பு இவற்றுள் எது முதலில் கண்ணில் பட்டதோ அதுவே பெயராயிற்று.

கொற்கையும் காயலும் துறைமுகங்களாக இருந்த நாளில் பாண்டியர் செப்புக் காசுகளில் விருதுப் பெயர்களைப் பொறித்தனர். சோழநாட்டை வென்ற முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் (1216–1238) காசு ‘சோணாடு கொண்டான்’. ‘எல்லாந்தலையானான்’, ‘புவனேகவீரன்’ ஆகியவையும் இவ்வகையே. நாணயவியலார் இன்றும் எழுத்தை வைத்தே இவற்றை அழைக்கின்றனர். சோழர் கல்வெட்டுகள் ஈழக்காசு, மதுராந்தகன் மாடை, இராசராசன் காசு எனப் பிரித்துச் சொல்கின்றன. நில விற்பனையில் வரும் ‘அன்றாடு நற்காசு’ அன்றைக்குச் செலாவணியில் உள்ள நல்ல காசைக் குறிக்கும். தேய்ந்ததைத் தலையில் கட்டிவிடாதபடி விற்பவன் செய்துகொண்ட ஏற்பாடு அது. பன்றி முத்திரையால் பெயர் பெற்ற வராகன், பன்றி போய்த் தெய்வ உருவங்கள் ஏறிய பின்னும் வராகனாகவே செலவானது.

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த ஒல்லாந்தரின் ‘டுயிட்’ என்ற செப்புக் காசே துட்டு. ஒரு முகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்றெழுத்து முடிச்சும் ஆண்டும், மறுமுகத்தில் ஹாலந்து, ஜீலந்து போன்ற மாகாணங்களின் கேடயமும் இருக்கும். அதே ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் சிங்களவரும் ‘துட்டுவ’ என்பது இந்த மூலத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசம் நிலையாகப் போயிற்று, துட்டு போகவில்லை. மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளக் கூலியானாலும் மீன் விலையானாலும் பேச்சில் துட்டுதான்.

ஆங்கிலேயர் ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் 1943இல் நடுவே துளையுடன் வந்தது ஓட்டைக் காலணா. சிறுவர்கள் கயிற்றில் கோத்தனர், போல்ட்டுக்கு வாஷராகவும் மாட்டினர். 1957 ஏப்ரல் 1 முதல் தசம முறை வந்தும் 25 பைசா நாலணாவாகவும் 50 பைசா எட்டணாவாகவும் நீடித்தன. நாலணா 2011 ஜூனோடு செல்லாததாயிற்று. ஆங்கிலேயரின் பொன் நாணயம் தந்த பவுன், எட்டு கிராம் தங்கத்தின் பெயராக நகைக்கடையில் நிற்கிறது.

தற்போதைய ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களுக்குச் சொல்லும்படியான பெயர் எதுவும் ஏற்படவில்லை.