பாலம் திறந்திருக்கா, மூடியிருக்கா? (கொஞ்சம் லினக்ஸ் வரலாறு)

புனேவில் மழைக்காலம் வந்துவிட்டால் ஊரெல்லாம் ஒரே கேள்விதான்: "பிடே பூல் மூழ்கிடுச்சா?" முட்டா ஆற்றின் மேல் ரொம்பத் தாழ்வாகக் கட்டிய பாலம் அது. கடக்வாஸ்லா அணையிலிருந்து தண்ணீரை அதிகமாகத் திறந்துவிட்டால் பாலத்தின் மேலேயே ஆறு ஓடும். கவனிங்க, இதில் இரண்டு விஷயம் இருக்கு. போலீஸ் தடுப்பு வைத்திருக்கிறதா என்பது ஒன்று. நிஜமாகவே அக்கரை போய்ச் சேர முடியுமா என்பது இன்னொன்று. தடுப்பு இல்லையே என்று பைக்கை விட்டால் கதை கந்தல்தான்.

வெளிநாட்டு சர்வர்களுக்கு இங்கே உட்கார்ந்து ராத்திரிக் காவல் இருக்கும் நம்மவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அவர்கள் பார்ப்பது நெட்வொர்க் பாலம். பல நெட்வொர்க் துண்டுகளை ஒன்றாக இணைப்பது இதன் வேலை. ஒரே ஊருக்கு இரண்டு வழி போட்டுவிட்டால் தகவல் பொட்டலங்கள் வட்டமடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு 1985-ல் டிஇசி கம்பெனியின் ராடியா பெர்ல்மன் கண்டுபிடித்த வைத்தியம்தான் ஸ்பானிங் ட்ரீ. 1990-ல் அது 802.1டி என்ற தரமானது. இதன்படி போர்ட்டில் வயரைச் செருகியதுமே போக்குவரத்து தொடங்காது. 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும், அப்புறம்தான் கடத்தும். ஆக, "செருகியாச்சு" வேற, "ஓடுது" வேற.

நெட்வொர்க்கைக் கண்காணிப்பவர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். 1991-ல் வந்த எம்ஐபி-2 ஆவணத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு நிலைகள் தனித்தனியாக உண்டு. ஒன்று நிர்வாகி இட்ட உத்தரவு, மற்றது உண்மை நிலவரம். 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2863-ல் உண்மை நிலவரம் மட்டுமே ஏழு வகை!

லினக்ஸ் இந்த இடத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் லெனர்ட் பைட்டன்ஹெக் எழுதிய பாலம் இருந்தது. அருமையான வேலை. ஆனால் ஒரு குணம்: போர்ட் ஒன்றுகூட வேலை செய்யாவிட்டாலும் "எனக்கு கேரியர் இருக்கு" என்றே அந்தப் பாலம் சொல்லும். 2006-ல் 2.6.17 கெர்னலில் ஆர்எஃப்சியின் நிலைகள் 'ஆபர்ஸ்டேட்' என்ற பெயரில் வந்தன. அப்போதும் பாலம் தன் பழைய பாட்டையே பாடியது.

2007-ல் கேவிஎம் கெர்னலுக்குள் வந்தபின் விஷயம் பெரிதானது. லிப்விர்ட் நிறுவிய கணினிகளில் எல்லாம் விர்பிஆர்0 என்று ஒரு மெய்நிகர் பாலம் முளைத்தது. இதில் தொட்டுப் பார்க்க வயர் இல்லை, மினுக்கும் விளக்கு இல்லை. கெர்னல் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

2011-ல் ஸ்டீஃபன் ஹெமிங்கர் இதை மாற்றினார். 2.6.39 முதல், ஒரு போர்ட்டாவது கடத்தும் நிலையில் இருந்தால்தான் பாலத்துக்குக் கேரியர். டிஹெச்சிபி, ஐபிவி6, ரவுட்டிங் எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் காலிப் பாலத்தில் ஐபிவி6 முகவரி வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களுக்கு இது இடித்தது. நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்று புகார் வந்தது. உண்மை பேசினாலும் சண்டை வரும் போல :-)

சரி, இன்றைக்கு எப்படிப் பார்ப்பது? மெய்நிகர் கணினி எதுவும் ஓடாதபோது விர்பிஆர்0 'நோ-கேரியர்', 'டவுன்' என்று காட்டினால் பதற வேண்டாம். பாலம் திறந்துதான் இருக்கிறது, கடக்க ஆளில்லை. பாலத்தில் மாட்டிய டாப் இணைப்பு 'அன்னோன்' என்றால் அதுவும் கோளாறு அல்ல. நிர்வாகி மூடிவைத்த இணைப்பின் 'கேரியர்' கோப்பைப் படித்தால் சுழியம்கூட வராது, பிழைதான் வரும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அதற்கும் வழி வைக்க வேண்டும்.

'அப்' இல்லை என்றாலே அலாரம் அடிக்கும் ஸ்கிரிப்ட், வாரத்தில் நாலு நாள் சும்மா எழுப்பிவிடும். ஐந்தாம் நாள் நிஜமாகவே அறுந்திருக்கும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் உத்தரவு, கேரியர், போர்ட்டின் நிலை மூன்றையும் கேளுங்க. கூடவே, அந்த நேரத்தில் அங்கே மெய்நிகர் கணினி ஏதாவது ஓட வேண்டுமா என்பதையும் ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவிடுங்க. அது எந்தக் கெர்னலுக்கும் தெரியாது.