கெடிலக்கரைக் கோட்டை

போலந்து நாட்டின் போஸ்னான் நகரில், வார்த்தா ஆற்றின் தீவொன்றில் பத்தாம் நூற்றாண்டில் மரத்தாலும் மண்ணாலும் ஒரு கோட்டை எழுப்பினர். ஈர மண்ணில் மக்காமல் கிடந்த அதன் மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு, அவை வெட்டப்பட்ட காலத்தை அறிஞர் கணிக்கின்றனர். நம் நாட்டிலோ மரம் கரையானுக்குத் தப்புவது அரிது. கல்வெட்டும் செங்கல்லுமே நமக்குச் சாட்சிகள்.

நைனார்பாளையம் அமைந்துள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அத்தகைய ஆற்றங்கரைக் கோட்டை ஒன்று இருந்தது. அதுவே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துச் சேந்தமங்கலம்; காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனின் தலைநகர். சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனை அவன் இங்கேதான் சிறைவைத்தான்.

இச்செய்தியைச் சொல்லும் 1231-32ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதே கெடிலம் ஆற்றின் கீழ்க்கரையூரான திருவந்திபுரத்தில் உள்ளது. சோழனை மீட்க வந்த போசளத் தளபதிகள் வழியிலிருந்த பல ஊர்களை அழித்தனராம். சேந்தமங்கலத்தைத் தாக்க அவர்கள் முனைந்தபோது கோப்பெருஞ்சிங்கன் பணிந்து, சோழனை விடுவித்தானாம். இது வென்றவர் கூற்று. வயலூர்க் கல்வெட்டோ, தெள்ளாற்றில் சோழனை வென்று சிறைப்பிடித்த காடவனின் பெருமையையே பேசுகிறது.

இவற்றை மண்ணைக் கொண்டு சோதிக்க இயலுமா? கோட்டை தாக்கப்படவில்லை என்பது உண்மையானால், அக்காலத்து மண்ணடுக்கில் பெருந்தீயின் தடயம் இருத்தலாகாது. தீயைக் கண்டறிய இயற்பியல் உதவும். களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு கடுஞ்சூட்டில் தன் பழைய காந்தத்தன்மையை இழக்கிறது. ஆறும்போது புவிக்காந்தப் புலத்தின் திசையில் மீண்டும் காந்தமாகிறது. ஆகவே எரிந்த இடத்தை, தோண்டாமலே காந்தமானியால் உணரலாம்.

செங்கல் சுடப்பட்ட காலத்தை வெப்ப ஒளிர்வு முறை கூறும். ஆனால் அதில் 5 விழுக்காடு பிழை என்று கொண்டாலும், 800 ஆண்டுக்கு 40 ஆண்டுகள் முன்பின்னாகும். காடவர் ஆட்சி 1279ஆம் ஆண்டளவில் முடிந்தது. 1231ஆம் ஆண்டையும் 1279ஆம் ஆண்டையும் இம்முறையால் மட்டும் திட்டமாகப் பிரித்தறிய இயலாது. எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு கிடக்கிறது என்பதே வழக்கைத் தீர்க்கும்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1990களில் இங்கு அகழாய்வு செய்தது. எனினும் எந்த அகழாய்வும் ஓரிடத்தின் சிறு பகுதியையே திறக்கும். எஞ்சியது மண்ணுக்குள் காத்திருக்கும். மேட்டிலிருந்து பெயர்த்தெடுத்த செங்கல் சுவருக்குப் பயன்படலாம். ஆனால் அது கிடந்த அடுக்கைப் பின்னர் எக்கருவியாலும் மீட்க முடியாது. பழைய மேடுகளைக் கலைக்காமல் விடுவதே, வரலாற்றுக்கு நாம் செய்யும் முதல் உதவியாகும்.